சிங்கத்தின் வாய் மேல் ஒரு கை

பெக்கோக்,
10 மார்ச் 2024

அன்புத் தம்பி யுகேந்திரனுக்கு, அக்கா செல்வராணி எழுதுறேன்.

எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. உனக்கு அங்க சோறு ஒத்துக்குதா, படுக்க இடம் இருக்கா, கொசுக்கடி எப்படி, ஒன்னு விடாம எழுது. ஜட்ஜு ஒரு வருஷம்னு சொன்னப்ப நான் அழுதத நீ பார்த்துட்ட. ஒழுங்கா நடந்துக்கிட்டா எட்டு மாசத்துல விட்டுருவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. அதனால கைய அடக்கி வச்சுக்க. பொங்கல் அன்னைக்கு அடக்கியிருந்தா நீ இந்நேரம் தம்போய் பட்டறையில வெல்டிங் பண்ணிக்கிட்டு இருப்ப. என் கன்னத்துல வீக்கத்தப் பார்த்தியே, ஒரு வார்த்த கேட்டியா? நேரா இரும்புக் குழாயத் தூக்கிட்ட. என் வீட்டுக்காரருக்கு, உன் மாமா கனகராஜுக்கு, இடது கை ரெண்டு இடத்துல முறிஞ்சு, போன வாரந்தான் கட்டு அவுத்தாங்க. மறுபடி லாரி ஓட்ட ஆரம்பிச்சுட்டாரு.

போன் அவர்கிட்ட இருக்கு. நேர்ல வர இப்போதைக்குத் தோதுப்படல. அதான் கடிதம். தமிழ்ப்பள்ளிய விட்ட பிறகு நான் எழுதுற முதல் கடிதம் இது. எழுத்தப் பார்த்து சிரிக்காத.

நான் சொல்ல வந்தது வேற. பொங்கலுக்கு நீ கொண்டு வந்த பை இங்கயே கிடந்துச்சு. நேத்து உன் துணியெல்லாம் மெஷின்ல போட்டேன். காயப்போடும்போது ஜீன்ஸ் பாக்கெட்டுல என்னமோ கெட்டியா தட்டுப்பட்டுச்சு. எடுத்துப் பார்த்தா, தம்பி, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அம்மன்டா! கைக்கு அடக்கமா ஒரு அட்டையில அம்மன் படம். வெள்ளச் சேல, தலையில பூ, பக்கத்துல செக்கச்செவேல்னு சிங்கம். தலைக்கு மேல நாகம் ரெண்டு வளையமா சுருண்டு நிக்குது. உச்சியில ஒரு நாமம், அதை ஒட்டியே நிக்க வச்ச மாதிரி மூணு பட்டை. பெருமாளும் சிவனும் சேர்ந்து ஒரே படத்துல இருக்கிறத நான் பார்த்ததே இல்ல. அடியில என்னமோ எழுதியிருந்திருக்கும் போல, அது மட்டும் தண்ணியில உரிஞ்சு போச்சு. சோப்புத் தண்ணியில ஒரு மணி நேரம் சுத்தியும் அவ முகத்துல ஒரு கீறல் இல்ல!

சாமி மேடையில வச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, விளக்கேத்திட்டேன். நீ கோயில் பக்கமே போறதில்லன்னு நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன். பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டு சுத்தியிருக்க, கள்ளன்.

வேளைக்கு சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா,
செல்வராணி


2 ஏப்ரல் 2024

அக்காவுக்கு யுகேந்திரன் எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். சோறு பரவால்ல, குழம்புதான் தண்ணி. பக்கத்துல கமலநாதன்னு ஒருத்தர் இருக்காரு, சைன் போர்டு எழுதுறவரா இருந்தவரு, வயசு அறுபது இருக்கும். என்னை மாதிரியே கோவத்துல உள்ள வந்த ஆளு. இப்போ ஈ கடிச்சாக்கூட மன்னிப்பு கேட்கிறாரு.

அக்கா, நாலு பக்கம் எழுதியிருக்க. நான் கேட்க நினைச்சது அதுல இல்ல. இப்போ நேராவே கேட்கிறேன். அந்த ஆளு இன்னும் உன் மேல கை வைக்கிறானா? ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை தெரியாம எனக்கு இங்க தூக்கம் வரல. போன் ஏன் அவன்கிட்ட இருக்கு?

அந்தப் படத்த நான் அன்னைக்கு சரியாப் பார்க்கல. நீ எழுதுனத படிச்ச பிறகு கண்ண மூடுனா அதுதான் வருது, ஆனா பாதியிலயே மங்கிப் போயிருது. அவ கை சிங்கத்தோட வாயிலதானே இருக்கு? வாய மூடுறாளா, திறக்கிறாளா? நல்லாப் பார்த்து எழுது.

உடம்ப பார்த்துக்க. நான் கேட்டதுக்கு பதில் வேணும்.

யுகேந்திரன்


பெக்கோக்,
28 ஏப்ரல் 2024

என் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. இனிமே வீட்டுக்கு எழுதாத. கீழ ராசம்மா விலாசம் குடுத்திருக்கேன், என்னோட செம்பனைத் தோட்டத்துல பழம் பொறுக்க வருவாளே, அவதான். நம்ம வீட்டு தபால் பெட்டி துருப்பிடிச்சு அடி விட்டுப் போச்சு, கடிதம் மழையில நனைஞ்சிருது. நான் சௌக்கியம்.

நீ கேட்டியேன்னு இன்னைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி விளக்க கிட்ட வச்சுப் பார்த்தேன். ரெண்டு கையாலயும் சிங்கத்தோட தாடைய மேலயும் கீழயும் பிடிச்சிருக்கா. மூடுறாடா. சத்தம் போடாதன்னு மூடுறா. அவ கையில சூலம் இல்ல, கத்தி இல்ல, ஒரு குச்சி கூட இல்ல! நம்ம கோயில் அம்மன் கண்ண உருட்டிக்கிட்டு நாக்க நீட்டிக்கிட்டு நிப்பா. இவ முகத்துல கோவமே இல்ல. குனிஞ்சு, பொறுமையா, வலிக்காம பிடிச்சிருக்கா. இடுப்புல கட்டியிருக்கிற பூச்சரம் அப்படியே நீண்டு சிங்கத்தோட கழுத்தையும் சுத்துதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அந்த இடத்துல கொஞ்சம் நூல் நூலா உரிஞ்சிருக்கு. அவ்ளோ பெரிய மிருகத்த பூவால கட்டி வச்சிருக்கான்னா அவ எப்பேர்ப்பட்டவளா இருப்பா! நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னுட்டேன். சோறு அடிப்பிடிச்சிருச்சு.

ராசம்மா வந்து பார்த்துட்டு கன்னத்துல போட்டுக்கிட்டா. அவ மகனுக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சா தேங்காய் உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டா. மறுவாரமே கிடைச்சிருச்சு. ரெண்டு தேங்காய் உடைச்சுட்டா. இப்போ எஸ்டேட் லைன் வீடுங்கள்ல இருக்கிற பொம்பளைங்க ஒவ்வொருத்தியா பார்க்க வர்றாங்க.

மழைக்கு முன்னாடி துணி எடுக்கணும். கமலநாதன் அண்ணனுக்கு என் வணக்கத்தச் சொல்லு.

அக்கா


12 மே 2024

அக்கா,

உடம்பு சௌக்கியம், மனசு இல்ல.

தபால் பெட்டி துருப்பிடிச்சிருச்சா? அந்தப் பெட்டிய யாரு செஞ்சு குடுத்தா? போன தீபாவளிக்கு என் கையால வெல்டிங் அடிச்சு, நானே சுவத்துல மாட்டுனேன். முழுக்க எவர்சில்வர் தகடு. கடல்ல போட்டாலும் அது துருப்பிடிக்காதுக்கா. உனக்கு பொய் சொல்லவும் தெரியல. என் கடிதத்த யாரு பிரிச்சுப் படிச்சா, படிச்சுட்டு என்ன செஞ்சான்னு நீ எழுதல. எழுதாததயும் நான் படிச்சுட்டேன். வெளிய வந்ததும் நேரா பெக்கோக்தான் வருவேன். அந்த ஆளுக்கு இன்னொரு கை பாக்கி இருக்கு. நான் சொல்றது உனக்குப் புரியும், இந்தக் கடிதத்த சோதிக்கிற சாருக்குப் புரியாட்டி பரவால்ல.

இன்னொன்னு. இத சொல்லாம இருக்கலாம்னுதான் இருந்தேன். லைன் பூராவும் வந்து கும்பிட ஆரம்பிச்ச பிறகு சொல்லாம இருக்க பயமா இருக்கு. அது அம்மன் இல்லக்கா. குறி பார்க்கிற சீட்டு. டேரோட்னு சொல்லுவாங்க, வெள்ளக்காரன் சீட்டு, மொத்தம் எழுபத்தெட்டு. நீ பார்த்த நாமமும் மூணு கோடும் ரோமன்ல எட்டாம் நம்பரு. உரிஞ்சு போன எழுத்து 'பலம்'னு இங்கிலீஷ்ல இருந்துச்சு. தலைக்கு மேல இருக்கிறது படுத்த எட்டு, முடிவே இல்லைங்கிறதுக்கு அடையாளமாம்.

பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தம்போய் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில, ஆப்பம் பாலிக் கடைக்குப் பக்கத்துல, ஒரு சீன ஆன்ட்டி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாங்க. மெய்னு பேரு. என்ன கவலைன்னு கேட்டாங்க. அக்காவ அடிக்கிறாங்கன்னு சந்தேகமா இருக்குன்னு சொன்னேன். ஒரு சீட்டு எடுக்கச் சொன்னாங்க. இதுதான் வந்துச்சு. அவங்க ரொம்ப நேரம் பார்த்துட்டு, "ஜாஙான் லாவான். பெகாங் சாஜா"ன்னாங்க. சண்டை போடாத, பிடிச்சுக்க மட்டும். எனக்கு எங்கயிருந்து வந்துச்சோ கோவம்! பிடிச்சுக்கிறதாம்! சீட்ட பாக்கெட்டுல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டேன். ஒன்னு குறைஞ்சா மத்த எழுபத்தேழும் பேசாதுன்னு அந்த ஆன்ட்டி பின்னாலயே கத்திக்கிட்டு வந்தாங்க. நான் திரும்பிக்கூடப் பார்க்கல. மறுநாளே பொங்கலுக்கு வந்து உன் கன்னத்தப் பார்த்தேன்.

கோவிச்சுக்காதக்கா. பதில் எழுது.

யுகா


16 ஜூன் 2024

அக்கா, எப்படி இருக்க?

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கடிதம் குடுக்கிற நாள்ல என் பேர் வரும் வரும்னு நிக்கிறேன், வரல. சீட்டு விஷயத்துக்காக கோவமா? கோவமா இருந்தா திட்டி எழுது. ஒன்னும் எழுத முடியலன்னா வெத்துக் காகிதத்த மடிச்சு அனுப்பு, நீ இருக்கேன்னு தெரிஞ்சுக்கிறேன்.

தம்பி


பெக்கோக்,
21 ஜூலை 2024

தம்பி யுகாவுக்கு,

உயிரோட இருக்கேன், பயப்படாத. எழுத்து கோணல் மாணலா இருக்குன்னு பார்க்கிறியா? வலது மணிக்கட்டு கொஞ்சம் சுளுக்கு. பழ மூட்டை விழுந்துருச்சு. இடது கையால ஒரு வாரமா எழுதுறேன்.

அலமாக், குறி பார்க்கிற சீட்டா! படிச்சதும் தலையில அடிச்சுக்கிட்டேன். எத்தன சூடம், எத்தன தேங்கா! ராசம்மாகிட்ட சொன்னேன். அவ கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "இருக்கட்டும் லா, வெள்ளக்கார அம்மனுக்குத் தமிழு புரிஞ்சிருச்சு, என் மகனுக்கு வேலை கிடைச்சிருச்சுல்ல"ன்னுட்டுப் போயிட்டா. நான் ரெண்டு நாள் படத்த மேடையில இருந்து இறக்கி வச்சேன். மூணாவது நாள் மறுபடி ஏத்திட்டேன். அவ முகம் அதே முகமாத்தான் இருக்கு, எனக்கு எடுக்க மனசு வரல.

இப்போ நான் எழுதப் போறத யாருகிட்டயும் முழுசா சொல்லல. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல சொன்னா காட்டிலாகாக்காரங்கள கூப்பிட்டு கூண்டு வச்சிருவாங்கன்னு சொல்லல. உனக்கு மட்டும் சொல்றேன்.

பத்து நாள் முன்னாடி காலையில ஏழு மணி இருக்கும். கை சரியில்லன்னாலும் உதிரிப் பழம் பொறுக்கலாம்னு போயிட்டேன். காட்டோரமா இருக்கிற கடைசி நிரை. ராசம்மா நாலு நிரை தள்ளி இருந்தா. திடீர்னு எனக்கு சோறு வெந்த வாசனை அடிச்சுது. பண்டான் இலை போட்டு வடிச்சா வருமே, அதே வாசனை. செம்பனைக் காட்டுக்குள்ள யாருடா சோறு வடிக்கிறதுன்னு நிமிர்ந்து பார்த்தேன்.

பெரியவரு நின்னுக்கிட்டு இருந்தாரு. அவரோட நிஜப் பேர காட்டுல சொல்லக் கூடாது, உனக்கே தெரியும். எனக்கும் அவருக்கும் நடுவுல மூணு மரம். எவ்ளோ பெருசுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்! மட்டை நிழலும் வெயிலும் கோடு கோடா விழுந்த இடத்துல, அந்தக் கோடுங்களே எழுந்திரிச்சு நிக்குது. ஒரு சத்தமில்ல. பறவை கத்தல. ஓடணும்னு தோணல, கத்தணும்னு தோணல. அவரு என்னைப் பார்த்தாரு. பார்த்துட்டு வாயத் திறந்தாரு. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். கொட்டாவி விட்டாருடா! அந்த வாய நான் முழுசாப் பார்த்தேன். ரோஸ் நிறத்துல நாக்கு, மஞ்சளடிச்ச பல்லு, உள்ள இருட்டு. அப்புறம் மூடிக்கிட்டு, தன் பாட்டுக்குத் திரும்பி காட்டுக்குள்ள போயிட்டாரு. அவசரமே இல்ல.

நான் அப்படியே மண்ணுல உட்கார்ந்து அழுதேன். பயத்துல இல்ல, தம்பி. இவ்ளோ பெரிய ஒன்னு, இவ்ளோ அழகா, நான் தெனம் பழம் பொறுக்குற இடத்துக்குப் பக்கத்துலயே இருந்திருக்கு. அது வந்து என்னைப் பார்த்துட்டுப் போயிருக்கு. என்னை! எனக்கு அத தாங்க முடியல.

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல ஒரே சத்தம். தேத்தண்ணி ஆறிப்போச்சாம். நான் உன் மாமா வாயையே பார்த்துக்கிட்டு நின்னேன். காலையில அந்த வாயப் பார்த்துட்டு வந்தவளுக்கு இந்த வாய் ரொம்பச் சின்னதா தெரிஞ்சுது.

கை வலிக்குது, நிறுத்திக்கிறேன். நல்லா சாப்பிடு.

அக்கா


6 ஆகஸ்ட் 2024

அன்பான அக்காவுக்கு,

கை எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டுனியா? பழ மூட்டை கதைய நான் நம்பல, ஆனா பெரியவர் கதைய ஒரு எழுத்து விடாம நம்புறேன்.

அதை எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்ல. கமலநாதன் அண்ணனுக்கும் படிச்சுக் காட்டுனேன். சோறு வெந்த வாசனைன்னு வந்ததும் அவரு கைய நீட்டிக் காட்டுனாரு, முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்குது. அந்த வாசனை அடிச்சா பக்கத்துல புலி இருக்குன்னு அர்த்தமாம். அப்புறம் அவரு ஒரு வேலை செஞ்சாரு. நீ எழுதுனத நான் வாசிக்க வாசிக்க, பால்பாயிண்ட் பேனாவால அந்தப் படத்த அப்படியே வரைஞ்சுட்டாரு. குனிஞ்ச முகம், பூச்சரம், படுத்த எட்டு, சிங்கம். எங்க அறையில மலாய்க்காரரு ஒருத்தர், சீனரு ஒருத்தர் இருக்காங்க. எல்லாரும் சுத்தி உட்கார்ந்து பார்த்தோம். நாலு பேரும் கைய ஓங்கி உள்ள வந்தவங்க. ஆயுதம் இல்லாம ஒருத்தி சிங்கத்தோட வாயில கைய வச்சிருக்கிறத நாங்க வேடிக்கை பார்க்கிறோம்.

போன வாரம் புதுசா வந்த ஒருத்தன் அந்தப் படத்தப் பிடுங்கிக் கிழிச்சுட்டான். நான் அவன் சட்டையப் பிடிச்சுட்டேன். அடிச்சிருந்தா அக்டோபர்ல வெளிய வர்றது போயிருக்கும். பிடிச்ச கை பிடிச்சபடியே இருந்துச்சு. பெகாங் சாஜான்னு அந்த ஆன்ட்டி குரல் கேட்டுச்சு, சத்தியமா கேட்டுச்சு. கை தானா விரிஞ்சிருச்சு. எனக்கே ஆச்சரியம்.

ஆனா அக்கா, இவன் யாரோ. கனகராஜு வேற. அவன் முகத்த நேர்ல பார்த்தா இந்தக் கை விரியும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அக்டோபர் பதினொன்னு விடுறாங்க. இங்க பக்கத்துல க்ளுவாங் ஸ்டேஷன்ல வடக்கால ஏறுனா பெக்கோக் எவ்ளோ தூரம்?

நீ இன்னும் அந்த ஒரு வார்த்தைய எழுதல.

யுகா


தம்போய்,
15 செப்டம்பர் 2024

என் தம்பிக்கு,

மேல இருக்கிற ஊர் பேர மறுபடி பாரு. ஆமா, உன் அறையில உட்கார்ந்துதான் எழுதுறேன். பட்டறை முதலாளி தவுக்கேகிட்ட சாவி வாங்குனேன். உன் சோத்துப் பானைய தேய்க்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, வெட்கமில்லாதவனே.

இத்தனை மாசமா உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, சௌக்கியம்னு எழுதுனேன்ல, எல்லாம் பொய். உன் முதல் கடிதத்த அவரு பிரிச்சுப் படிச்சாரு, படிச்சுட்டு அந்தப் பெட்டிய சுவத்தோட பேத்தெடுத்து என் மேல எறிஞ்சாரு. பழ மூட்டை எதுவும் விழல. ஜூன் மாசம் கைய முறுக்குனாரு, மணிக்கட்டு எலும்புல விரிசல் விட்டுருச்சு. நீ கேட்ட ஒரு வார்த்தை இதோ. ஆமா. பத்தொன்பது வருஷமா ஆமா.

ஏன் சொல்லல? உனக்குப் பயந்துதான். அவருக்குப் பயந்தத விட உனக்குத்தான் அதிகமா பயந்தேன். சொன்னா நீ வந்து நிப்ப, அவர கொன்னு போட்டுட்டு ஆயுசுக்கும் உள்ள இருப்ப. அந்தப் படத்துல இருக்கிற சிங்கம் நீதான்னு நினைச்சுக்கிட்டேன். உன் வாயத்தான் ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சிருந்தேன். அதுதான் பலம்னு நினைச்சேன்.

பெரியவரப் பார்த்த பிறகு தெனம் அந்தப் படத்துக்கு முன்னாடி உட்கார்ந்தேன். முதல்ல ஒன்னு கண்ணுல பட்டுச்சு. புல்லு இருக்கு, தூரத்துல நீல மலை இருக்கு, வானம் இருக்கு. வீடு எங்கடா? வீடே இல்ல! அவ சிங்கத்த வச்சுக்கிட்டு வெட்டவெளியில நிக்கிறா. சுவத்துக்குள்ள யாரும் அவள அடைச்சு வைக்கல. அப்புறம் ஒரு நாள் கைய உத்துப் பார்த்தேன். நான் உனக்கு தப்பா எழுதிட்டேன், தம்பி. அவ மூடல. புள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்கான்னு பார்க்கிறவ மாதிரி, தாடையப் பிடிச்சுத் திறக்கிறா. நாலு மாசமா தெனம் விளக்கேத்திப் பார்த்த படம், அவ்ளோ நாளும் நான் தலைகீழாப் பார்த்திருக்கேன். பொத்திப் பிடிச்சிருந்தது என் வாயத்தான்டா.

ஆகஸ்ட் இருபதாம் தேதி காலையில வேலைக்குப் போற மாதிரி கிளம்பி, ராசம்மா மோட்டார்ல லாபிஸ் போலீசுக்குப் போனேன். ஒரு மலாய்ப் பொண்ணு புகார் எழுதிக்கிச்சு. ஆரம்பிச்சதும் என்னால நிறுத்த முடியல. பத்தொன்பது வருஷமும் வரிசையா வந்துச்சு, தேதியோட, நேரத்தோட. அதெல்லாம் எனக்குள்ள அப்படியே இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அந்தப் பொண்ணு நடுவுல எழுதுறத நிறுத்திட்டு எனக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துச்சு. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாங்க. அவரு என் பக்கத்துல வரக் கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு போட்டாச்சு, வழக்கும் நடக்குது. புகார் குடுத்த அன்னைக்கே ரயில் ஏறிட்டேன். கையில இருந்தது ஐசி அட்டை, ரெண்டு சேலை, படம். இப்போ பேக்டரி கேண்டீன்ல வேலை.

போன ஞாயித்துக்கிழமை பசார் மாலாம் போனேன். ஆப்பம் பாலிக் கடைக்குப் பக்கத்துல அந்த ஆன்ட்டி இருந்தாங்க. என் தம்பி எடுத்துட்டுப் போனத குடுக்க வந்தேன்னு படத்த நீட்டுனேன். அவங்க சீட்டுக்கட்டுல இருந்து ஒரு வெள்ள அட்டைய உருவிக் காட்டுனாங்க. எட்டுன்னு பேனாவால எழுதியிருந்துச்சு. இத்தனை மாசமா உன் சீட்டுக்குப் பதிலா அதத்தான் வச்சிருந்திருக்காங்க. வாங்கிக்கப் போறாங்கன்னு நினைச்சேன். அவங்க நீட்டுன கை பாதியில நின்னுருச்சு. படத்துல நெத்தியில குங்குமம், காலடியில சந்தனம், ஓரமெல்லாம் சூடப் புகை. அப்புறம் எழுந்து, செருப்ப கழட்டிட்டு, ரெண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டாங்க. "இது என் சீட்டு இல்ல இப்போ. நீங்க வச்சுக்கங்க"ன்னு மலாய்ல சொன்னாங்க. சுத்தி அவ்ளோ கூட்டம், அவ்ளோ இரைச்சல். எங்க ரெண்டு பேருக்கும் ஒன்னும் கேட்கல.

இப்போ நீ கேட்டதுக்கு பதில் சொல்லிட்டேன். இனி என்ன செய்யப் போறேன்னு நீதான் சொல்லணும். என் வாயத் திறந்துட்டேன், அதனால உன் வாயில இருந்தும் என் கைய எடுத்துட்டேன். இனி உன்னைப் பிடிச்சு வைக்க என்கிட்ட பொய் இல்ல. க்ளுவாங்ல இருந்து வடக்கால போனா பெக்கோக், தெக்கால வந்தா கெம்பாஸ் பாரு, அங்கயிருந்து நம்ம அறை பத்து நிமிஷம். போகாதன்னு நான் சொல்லல. பதினொன்னாம் தேதி ராத்திரி சோத்துக்கு ரெண்டு தட்டு வைப்பேன். அவ்ளோதான்.

அக்கா


க்ளுவாங் ரயில் ஸ்டேஷன்,
11 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். இதுக்கு தபால்தலை வேணாம், கையிலயே கொண்டு வர்றேன். நேர்ல என்னால சொல்ல முடியாது, அதான் பெஞ்சில உட்கார்ந்து எழுதுறேன்.

காலையில பத்து மணிக்கு விட்டாங்க. கமலநாதன் அண்ணன் கிழிஞ்ச படத்த சோத்துப் பருக்கையால ஒட்டி என் கையில குடுத்தாரு. ஸ்டேஷனுக்கு வந்தேன். டிக்கெட் கவுண்டர்ல அந்தப் பொண்ணு எங்கன்னு கேட்டுச்சு. அக்கா, உன்கிட்ட நானும் பொய் சொல்லப் போறதில்ல. பெக்கோக்னுதான் என் வாயில வந்துச்சு. பெக்கோக்குக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்.

வடக்கால போற ரயில் முதல்ல வந்துச்சு. கதவு எனக்கு நேராத் திறந்துச்சு, ரெண்டே எட்டு. உள்ள ஒருத்தரும் இல்ல, இருக்கையெல்லாம் வெயில் அடிக்குது. உன் மணிக்கட்டு ஞாபகம் வந்துச்சு. எழுந்திரிச்சேன். கால் நடக்க ஆரம்பிச்சுது. அந்த நேரத்துல ஒரு வாசனை வந்துச்சு, ஸ்டேஷன் காப்பிக்கடையில யாரோ சோறு வடிச்சாங்க போல. பண்டான் இலை வாசனை. நான் நின்னுட்டேன்க்கா. உடம்பு பூரா சிலிர்த்துப் போச்சு. உன்னைப் பார்த்துட்டு அவசரமில்லாம திரும்பிப் போனாரே பெரியவரு, அவரு நினைவு வந்துச்சு. அவ்ளோ பெரிய வாய வச்சுக்கிட்டு அவரு ஒன்னும் செய்யாமப் போயிருக்காரு. நான் பெஞ்சோட இரும்புக் கையப் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சுக்கிட்டேன், அவ்ளோதான். கதவு சாத்துச்சு. ரயில் போயிருச்சு.

அப்புறம் கவுண்டருக்குப் போய் கெம்பாஸ் பாருக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. பரவால்ல. தெக்கால வர்ற ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. ரெண்டாவது தட்ட எடுத்து வை.

நாளைக்கு என் துணியத் துவைக்கும்போது பாக்கெட்ட பாரு. பெக்கோக் டிக்கெட் ஒன்னு இருக்கும், போகாத டிக்கெட். அதை தண்ணியில போட்டுறாத. எடுத்து நம்ம அம்மன் பக்கத்துல வை.

உன் தம்பி,
யுகேந்திரன்